தமிழில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன்

பிறந்த நாட்டை விட்டுப் பிறநாடு சென்று தொண்டு செய்வோரின் வாழ்க்கையை எடைபோட ஒரு நல்ல வழி உண்டு. அவர் திரும்பிப் போன பின்பு அந்நாட்டில் எஞ்சி நின்றது யாது என்று பார்க்கவேண்டும். சிலர் எழுப்பிய கட்டடங்கள் எஞ்சும். சிலர் பெயர் மட்டும் எஞ்சும். அந்நாட்டு மக்களே அத்தொண்டினைத் தம் கையால், தம் மொழியால், தொடர்ந்து செய்வதற்கு வேண்டிய அறிவை விட்டுச் செல்வோர் மிகச் சிலரே. அத்தகைய ஒருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்திலே, மானிப்பாய் என்னும் ஊரிலே வாழ்ந்தார். அமெரிக்க மருத்துவராகிய சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பவரே அவர்.

கிறீனின் பணியை விளங்கிக்கொள்வதற்கு அவருக்கு முன்பு இங்கு நிகழ்ந்தவற்றைச் சிறிது அறிதல் நன்று. பொஸ்தன் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்க மிஷன் சங்கத்தார் 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் தம் பணியைத் தொடங்கினர். தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, உடுவில், பண்டத்தரிப்பு, மானிப்பாய் ஆகிய இடங்கள் அவர்களுடைய நிலையங்களாயின. 1823ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டையில் உயர்கல்விச் சாலை ஒன்றும், 1824ஆம் ஆண்டில் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கான பாடசாலை ஒன்றும் எழுந்தன. மருத்துவத் தொண்டோ 1820ஆம் ஆண்டில் பண்டத்தரிப்பிற்கு வந்துசேர்ந்த ஜோன் ஸ்கடர் என்னும் மருத்துவரோடு தொடங்கியது. அவர் 1836இல் சென்னைக்குப் பெயர்ந்தார். வட்டுக்கோட்டையிலே மருத்துவம் பார்த்தும் கற்பித்தும் வந்த நேதன் உவாட் என்பவரும் 1840களின் நடுப்பகுதியில் தாயகம் திரும்பினார். அந்த வெற்றிடத்தை நிரப்புவதற்கே இருபத்தைந்து வயதினை எட்டிக்கொண்டிருந்த இளைஞராகிய கிறீன் வந்தார்.

அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாகாணத்தில் வூஸ்தர் என்னும் நகரம் உண்டு. அதனருகே 'கிறீன் ஹில்' எனப் பெயர் பெற்ற குன்றின்மீது அமைந்திருந்த குடும்ப இல்லத்திலே, 1822ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதம் 10ஆந் தேதி சாமுவேல் பிறந்தார். தந்தை ஒரு வழக்கறிஞர். பிள்ளைகள் பதினொருவர். பொதுநலப் பணியிலே நாட்டம் கொண்ட குடும்பம் அது. சாமுவேலுக்கு இரண்டு ஆண்டு மூத்தவராகிய அன்ட்ரூ ஹஸ்வெல் கிறீன் நியூயோர்க் நகரத்தின் நடுப் பூங்காவை உருவாக்குவதில் பெரும்பங்கு கொண்டவர். தனித்தனியே கிடந்த ஊர்களை இணைத்து 1898ஆம் ஆண்டில் அம்மாநகரை ஒன்றாக்கிய முயற்சிக்கும் அவரே முன்னின்றார். தமையன் உலகின் மிகப்பெரும் நகரங்களுள் ஒன்றினை வடிவமைக்கும் பணியிலே புகழ் ஈட்டினார். தம்பியோ பனைமரங்கள் சூழ்ந்த சிற்றூர் ஒன்றிலே தம் வலிமை முழுவதையும் செலவிட்டார். இருவர் வாழ்விலும் ஊர்மக்களுக்கு உழைக்கவேண்டும் என்னும் அந்த வீட்டுப் பண்பு விளங்கக் காணலாம்.

இளமையிலே நியூயோர்க் நகரில் ஒரு சமயச் சங்கத்தின் அலுவலகத்தில் எழுத்தராகக் கடமையாற்றிய காலத்தில், சமயத் தொண்டிலே கிறீனுக்கு ஆழ்ந்த ஈடுபாடு உண்டாயிற்று. பின்னர் அந்நகரத்து மருத்துவக் கல்லூரியிற் பயின்று 1845ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். 1847ஆம் ஆண்டில் கப்பலேறி, அவ்வாண்டு முடியுமுன்னரே யாழ்ப்பாணம் சேர்ந்தார். அது மருத்துவ வரலாற்றிலே ஒரு திருப்பமான காலம். ஈதர் என்னும் மயக்க மருந்தினைக் கொடுத்து நோயாளி வலியறியாதபடி அறுவை செய்யலாம் என்பதை 1846ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதத்திலே பொஸ்தன் நகர மருத்துவர்கள் பலர் முன்னிலையில் நிறுவிக் காட்டியிருந்தனர். ஆயினும் நோய்க்கிருமிகளைப் பற்றிய அறிவு இன்னும் தோன்றவில்லை. புண்ணினைக் கிருமியிலிருந்து காக்கும் முறையை லிஸ்டர் வெளியிட்டது 1867ஆம் ஆண்டிலேதான். வாந்திபேதியின் கிருமியைக் கொக் என்னும் ஜெர்மானிய அறிஞர் நிலைநாட்டியது, கிறீன் இலங்கையை விட்டுச் சென்று பத்தாண்டுகள் கழிந்த பின்னரே. ஆகவே அவர் கொண்டுவந்த மருத்துவம் வளர்ந்துகொண்டிருந்த மருத்துவம். எல்லாம் அறிந்த மருத்துவம் அன்று.

கிறீன் முதலில் வட்டுக்கோட்டையிலே தங்கி, 1848ஆம் ஆண்டில் மானிப்பாயைத் தம் இருப்பிடமாக்கிக் கொண்டார். மானிப்பாய் அக்காலத்திலே தமிழ்ச் சொற்களோடு நெருங்கிய தொடர்புடைய ஓர் ஊர். அமெரிக்க மிஷனின் அச்சகம் அங்கே இருந்தது. 58,000க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்டதும், மானிப்பாய் அகராதி என்று பெயர் பெற்றதுமாகிய தமிழ் அகராதி 1842ஆம் ஆண்டில் வெளிவந்தது. மருத்துவத்துக்கும் யாழ்ப்பாணம் புதியதன்று. செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் மருத்துவ நூல்கள் ஆரியச்சக்கரவர்த்திகள் காலந்தொட்டு இங்கு வழங்கி வந்தன. பரம்பரை வைத்தியர்கள் ஊர்தோறும் இருந்தனர். நோய்க்கும் உறுப்புக்கும் மருந்துக்கும் தமிழிலே பெயர்கள் நிரம்ப இருந்தன. அகராதியும் அச்சகமும் பழைய மருத்துவச் சொல்வளமும் ஒருங்கே அமைந்த சூழலிலே மேனாட்டு மருத்துவர் ஒருவர் வந்து குடியேறியமை பின்னாளிலே பெரும்பயன் விளைத்தது.

வந்த அடுத்த ஆண்டிலேயே கிறீன் சில மாணவரைச் சேர்த்துக்கொண்டு மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். பாடங்கள் ஆங்கிலத்தில் நடைபெற்றன. வைத்தியசாலைக்கு வந்த நோயாளரைப் பார்வையிடும்போதும், வீடுகளுக்குச் செல்லும்போதும் மாணவர் உடன்சென்று கண்டறிந்தனர். 1850ஆம் ஆண்டில், வடமாகாண அரசாங்க அதிபராக விளங்கிய டைக் துரையின் ஊக்கத்தினால் யாழ்ப்பாண நகரிலே பொது வைத்தியசாலை ஒன்று உருவாயிற்று. அதன் தொடக்க ஆண்டுகளில் கிறீனுடைய துணையும் அவருடைய மாணவரின் உழைப்பும் அதற்குக் கிடைத்தன. இன்று யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை என வழங்கும் பெரு நிலையத்தின் மூலம் அதுவே.

அக்காலத்து யாழ்ப்பாணத்தை அடிக்கடி அச்சுறுத்திய நோய் வாந்திபேதி. அது பரவத் தொடங்கினால் ஊர்கள் வெறிச்சோடும். காலையில் நலமாக இருந்தவர் மாலையில் இல்லை என்னும் நிலை உண்டாகும். குடாநாடு முழுவதற்கும் ஒரு வெளிநாட்டு மருத்துவர் எங்ஙனம் போதுவார்? நூற்றுக்கணக்கான ஊர்களுக்கு ஒருவரே ஓடிச் செல்லல் இயலாது. ஊருக்கு ஊர் பயிற்சி பெற்ற ஒருவர் இருந்தாற்றான் உயிர்களைக் காக்கலாம். மருத்துவம் பார்ப்பதிலும் மருத்துவரை ஆக்குவதிலேயே கிறீன் தம் கருத்தைச் செலுத்தியமைக்கு இந்நிலையே பெருங்காரணம் எனலாம்.

ஆனால் மருத்துவரை ஆக்கியபின் வேறொரு சிக்கல் எழுந்தது. ஆங்கிலத்தில் மருத்துவம் கற்ற இளைஞர் பலர் தம் ஊரிலே தங்கவில்லை. அரசாங்க உத்தியோகம் அவர்களை அழைத்தது. தோட்டங்களும் தூரத்து நகரங்களும் நல்ல சம்பளம் கொடுத்தன. அதனை அவர்கள் ஏற்றுக்கொண்டமையைக் குறைகூறல் பொருந்தாது. குடும்பங்களைக் காக்கவேண்டிய கடமை அவர்களுக்கும் இருந்தது. எனினும், எந்த ஊருக்காக அவர்கள் பயிற்றப்பட்டனரோ அந்த ஊர் மருத்துவரின்றியே நின்றது. ஆங்கிலம் வெளியே செல்லும் வாசலாக இருந்தது. மேலும், ஆங்கிலத்தில் மாத்திரம் அறிந்ததை ஊரிலுள்ள தாய்க்கோ முதியவருக்கோ எடுத்துச் சொல்வதற்குச் சொல் இல்லாது மருத்துவரே தடுமாறும் நிலையும் இருந்தது.

இச்சிக்கலுக்குக் கிறீன் கண்ட தீர்வு தமிழ். உடலின் அமைப்பு, அதன் தொழில், உடல்நலம் பேணல் ஆகிய மூன்றையும் ஒருங்கே கூறும் ஓர் ஆங்கில நூலை 1850களிலேயே அவர் தமிழாக்கினார். அதற்கு அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல் என்று பெயர். 1857ஆம் ஆண்டில் பிரசவ வைத்தியம் என்னும் நூலும் வந்தது. பத்தாண்டு உழைப்பினால் உடல்நலம் குன்றவே, அவ்வாண்டளவில் கிறீன் தாயகம் திரும்பினார். அங்கே தங்கியிருந்த காலத்தில், 1862ஆம் ஆண்டில், மாகிரட் உவில்லியம்ஸ் என்னும் அம்மையாரை மணம் புரிந்துகொண்டார். உள்நாட்டுப் போர் அமெரிக்காவைப் பிளந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. போர் முடியும் வரை காத்திராமல், மணமான அதே ஆண்டில் மனைவியோடு மானிப்பாய்க்கு மீண்டார். முதன்முறை தனியராக வந்தவர், இம்முறை இல்லறத்தாராக வந்து குடும்பத்தோடு வாழ்ந்தார்.

1864ஆம் ஆண்டளவில் அவர் ஒரு பெரிய முடிவினைச் செயற்படுத்தினார். மருத்துவ வகுப்பு முழுவதையும் தமிழிலேயே நடத்தத் தொடங்கினார். ஒரு பாடத்தையோ ஒரு நூலையோ தமிழில் தருவது ஒன்று. உடற்கூறு முதல் இரசாயனம் ஈறாக ஒரு மருத்துவனுக்கு வேண்டிய கல்வி அனைத்தையும் தமிழில் தருவது வேறு. பின்னதற்கு நூல்கள் வேண்டும். நூல்களுக்குச் சொற்கள் வேண்டும். இரண்டும் இல்லாத நிலையிலிருந்து அவர் தொடங்கினார்.

சொல்லாக்கத்திலே கிறீன் ஓர் ஒழுங்கைக் கைக்கொண்டார். முதலில், தமிழரிடையே வழங்கும் சொல் உண்டோ என்று தேடவேண்டும். அது கிடையாதவிடத்து வடமொழியை நாடலாம். அங்கும் பொருந்துவது இல்லையாயின் ஆங்கிலச் சொல்லையே தமிழோசைக்கு ஏற்பத் திருத்தி எழுதிக்கொள்ளலாம். அவருடைய நூல்களின் பெயர்களே இந்த ஒழுங்கிற்குச் சான்று பகரும். அறுவை மருத்துவத்தைக் கூறும் நூலுக்கு இரண வைத்தியம் என்று பெயரிட்டார். இரணம் என்பது நம் வைத்தியர்கள் நாள்தோறும் வழங்கிய சொல். அங்காதிபாதம் என்பது வடசொற்களால் ஆயினும், பாதாதிகேசம் என்னும் வழக்கினை அறிந்த தமிழ்ச் செவிக்கு அயலாகத் தோன்றாதது. இரசாயன நூலுக்கு அமைந்த கெமிஸ்தம் என்னும் பெயரிலோ ஆங்கிலச் சொல் தமிழ் ஈறு பெற்று நிற்கின்றது. இவற்றுட் சில பிற்காலத்தில் வழக்கிழந்தன. அது வியப்பன்று. முதன்முதலாக வழி வெட்டுபவன் போட்ட தடத்தின் மேலேயே பின்வருவோர் வண்டி ஓட்டுவதில்லை. ஆனால் காட்டினூடே வழி உண்டு என்பதை அவனே காட்டுகின்றான்.

நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. 1867ஆம் ஆண்டில் இரண வைத்தியம், 1872ஆம் ஆண்டில் மனுஷ அங்காதிபாதம், அதே ஆண்டில் வைத்தியாகரம், 1875ஆம் ஆண்டில் கெமிஸ்தம், 1883ஆம் ஆண்டில் மனுஷ சுகரணம் ஆகியன அச்சேறின. கலைச்சொற்களை ஆங்கிலத்திலும் தமிழிலும் நிரைப்படுத்திய சொற்றொகுதிகளும் உடன் எழுந்தன. எல்லாமாக நாலாயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்கள். இவற்றுள் மனுஷ அங்காதிபாதம் தனித்துக் கருதத்தக்கது. அதன் மூலம், இன்றும் உலகெங்கும் மருத்துவ மாணவர் பயிலும் கிறேயின் உடற்கூற்று நூல். அந்நூல் இலண்டனிலே முதன்முதலாக வெளிவந்தது 1858ஆம் ஆண்டில். பதினான்கே ஆண்டுகளில் அது தமிழில் கிடைத்தது. தந்தியும் நீராவிக் கப்பலும் புதியனவாக இருந்த ஒரு காலத்திலே, மேனாட்டின் அண்மைக்கால அறிவு இத்துணை விரைவாகத் தமிழுக்கு வந்தமையை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இப்பெரும் பணியைக் கிறீன் தனித்துச் செய்தார் என்று கூறினால் அது வரலாறு ஆகாது. அவரிடம் பயின்ற டான்வர்த், சாப்மன் முதலிய தமிழ் மருத்துவர்களும், சுவாமிநாதன் போன்றோரும் மொழிபெயர்ப்பிலே தோள்கொடுத்தனர். மேனாட்டுப் பெயர்களைப் பூண்டிருந்தோரும் இவர்களுள் உண்டு. மிஷன் பாடசாலைகளிலே பயின்றோர்க்கு அமெரிக்க உபகாரிகளின் பெயரை இடுவது அக்கால வழக்கம். பெயர் எதுவாயினும் இவர்கள் தமிழர். இவர்களுடைய தமிழறிவும் மருத்துவ அறிவும் இன்றேல் கிறீனின் எண்ணம் எண்ணமாகவே நின்றிருக்கும். ஆசிரியர் தொடங்க, மாணவர் வரைய, இருவரும் இருந்து திருத்த, நூல் உருவாயிற்று. அறுபதுக்கு மேற்பட்ட மாணவர் அவரிடம் மருத்துவம் கற்றனர். அவர்களுள் ஏறக்குறையப் பாதிப் பேர் தமிழிலே கற்றவர்கள்.

கிறீனை இயக்கிய ஆற்றல் எது என்பதை மறைத்தல் கூடாது. அவர் கிறித்தவ சமயத் தொண்டர். உடற்பிணியைத் தீர்ப்பதும் தம் சமயத்தை எடுத்துரைப்பதும் அவருக்கு ஒரே பணியின் இரு பக்கங்கள். வைத்தியசாலைக்கு வந்தோர் மருந்தோடு வேதவாசகமும் கேட்டனர். இதனை ஏற்றுக்கொண்டோரும் இருந்தனர். ஏற்காதோர் மிகப் பலர் இருந்தனர். ஒரு பொருத்தத்தை இங்கே குறிப்பிடலாம். கிறீன் பிறந்த அதே 1822ஆம் ஆண்டில், திசம்பர் மாதத்திலே, நல்லூரில் ஆறுமுக நாவலர் பிறந்தார். நாவலர் சைவத்தைக் காக்க எழுந்து, மிஷனரிமாரின் சமயப் பிரசாரத்தை உறுதியாக எதிர்த்தவர். சமயத்தில் இருவரும் இரு துருவம். எனினும் இருவரும் ஒரே காலத்தில், ஒரே குடாநாட்டில், ஒரே கருவியைத் தீட்டிக்கொண்டிருந்தனர். நாவலர் சமயத்தையும் இலக்கணத்தையும் எல்லோரும் பயிலத்தக்க தெளிந்த உரைநடையிலே தந்தார். கிறீனும் அவர்தம் மாணவரும் எலும்பையும் நரம்பையும் குருதியோட்டத்தையும் உரைநடையிலே தந்தனர். தமிழ் உரைநடை இருவராலும் வலிமை பெற்றது.

சமயம் மாறியவர் நாட்டுப் பண்பும் மாறவேண்டும் என்று கிறீன் கருதவில்லை என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. தம் மாணவர் ஐரோப்பிய உடையையும் நடையையும் பின்பற்றித் தம் மக்களிடமிருந்து விலகிப் போவதை அவர் விரும்பவில்லை. தமிழராகவே வாழ்ந்து, தமிழரிடையே தொழில் செய்ய வேண்டும் என்பதே அவர் கருத்து. ஆட்சியாளரின் மொழியும் உடையும் உயர்வின் அடையாளங்களாகக் கருதப்பட்ட காலத்திலே, அவ்வாட்சியாளரின் மொழியையே தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் இவ்வாறு எண்ணியமை அரிது.

1873ஆம் ஆண்டில், உடல்நலம் இடங்கொடாமையால், கிறீன் குடும்பத்தோடு இலங்கையை விட்டுச் சென்றார். வூஸ்தர் நகரத்திலே, தாம் பிறந்த குன்றின் இல்லத்தை அடைந்தார். ஓய்வு பெறுதற்குரிய இடம் அது. ஆயினும், பனிபொழியும் அந்நாட்டில் இருந்தவாறே தமிழ் மருத்துவ நூல்களைத் திருத்தும் வேலையைத் தொடர்ந்தார். மனுஷ சுகரணம் அச்சாகியது அவர் மறைவதற்கு முந்திய ஆண்டிலே. 1884ஆம் ஆண்டு மே மாதம் 28ஆந் தேதி அவர் காலமானார். அவருடைய கல்லறைக் கல்லிலே, தமிழருக்கு மருத்துவ ஊழியராக இருந்தவர் என்ற செய்தி பொறிக்கப்பட்டுள்ளது. தம் பட்டத்தையோ குலத்தையோ அக்கல் பேசவில்லை. தமிழர் என்னும் பெயர், நாம் பெரும்பாலும் கண்டிராத ஒரு தூரத்து மயானத்திலே அவர் பெயருடன் சேர்ந்து நிற்கின்றது.

அவர் விதைத்தது முழுவதும் விளைந்ததா? இல்லை என்றே கூறவேண்டும். 1870ஆம் ஆண்டில் அரசாங்கம் கொழும்பிலே மருத்துவப் பாடசாலையைத் தொடங்கியது. அங்கு மொழி ஆங்கிலம். அரசாங்க மருத்துவப் பதவிக்கும் தகுதிக்கும் அதுவே வாயிலாயிற்று. தமிழில் மருத்துவம் கற்றவரின் அறிவு குறைந்ததன்று. ஆனால் அதற்கு அரசின் மதிப்பும் சம்பளமும் அதே அளவில் இல்லை. பெற்றோரும் மாணவரும் எதனை நாடுவர் என்பதை யாவரும் ஊகிக்கலாம். கிறீனுக்குப் பின்பு தமிழ் மருத்துவ வகுப்பு நெடுங்காலம் நிலைக்கவில்லை. நூல்கள் அலுமாரிகளில் உறங்கின. தமிழில் உயர்ந்த அறிவியல் இயலாது என்று பின்னாளிற் சிலர் வாதிட்டபோது, அது முன்னரே நடந்துமுடிந்த செயல் என்பதை அறிந்தோர் சிலராகவே இருந்தனர்.

ஆயினும் நல்ல வித்து முற்றாக அழிவதில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கைப் பாடசாலைகளிலே தமிழ் போதனாமொழியாகியபோது, அரசகரும மொழித் திணைக்களம் 1950களில் துறைதோறும் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. கிறீனும் அவர் மாணவரும் எதிர்கொண்ட வினாக்களையே அப்பணியில் ஈடுபட்ட அறிஞரும் எதிர்கொண்டனர். வழக்குச் சொல்லா, வடசொல்லா, ஒலிபெயர்ப்பா என்னும் வாதம் மீண்டும் எழுந்தது. 1967ஆம் ஆண்டில் கவிஞர் அம்பி 'கிறீனின் அடிச்சுவடு' என்னும் நூலை வெளியிட்டு, மறந்திருந்த வரலாற்றைத் தமிழுலகின் முன் வைத்தார். மானிப்பாயிலே கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை அவர் பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றது.

ஒருவரின் நம்பிக்கை எம்முடைய நம்பிக்கையாக இருக்கவேண்டும் என்பதில்லை. ஆனால் அந்நம்பிக்கை அவரை எதனைச் செய்வித்தது என்பதை எவரும் நடுநிலையோடு நோக்கலாம். கிறீன் தாம் இல்லாதபோதும் ஊர்கள் மருத்துவரின்றித் தவிக்கக்கூடாது என்று எண்ணினார். அதன்பொருட்டுத் தம் மொழியை வைத்துவிட்டு, நம் மொழியை எடுத்துக்கொண்டார். நோயுற்றவன் தன் நோயைத் தன் மொழியிலேயே சொல்கின்றான். அவனுக்கு விடையிறுக்கும் மருத்துவனும் அம்மொழியிலே சிந்திக்கவேண்டும் என்ற அவருடைய கொள்கை ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் பழமையடையவில்லை. தமிழில் அறிவை வளர்க்க முயல்வோர் யாவரும், மானிப்பாயிலே விளக்கொளியில் மாணவரோடு அமர்ந்து எலும்புகளுக்குத் தமிழ்ப்பெயர் தேடிய அந்த மருத்துவருக்கு ஒரு நன்றிக்கடன் உடையவர்களே.